காமமோ, வெகுளியோ?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்ணொருத்தியைப் பலவந்தஞ் செய்த கொடுமை செவிப்படுங்கால், ‘காமம் கண்ணை மறைத்தது, வாலிபக் கோளாறு’ என்று சொல்லி நம்மவர் அமைவதுண்டு. அது முற்றும் உண்மையன்று.

பௌத்த நூலார் தீவினை பத்தென வகுப்பர். கொலை, களவு, காமத் தீவிழைவு ஆகியன உடம்பின்கண் தோன்றுவன. பொய் முதலிய நான்கும் சொல்லிற் பிறப்பன. வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என்பன உள்ளத்தே எழுவன. உடம்பு செய்யுங் கொடுமைக்கு வேர் உள்ளத்தில் உளது. அவ்வேர் இச்சை ஒன்றே ஆதல் வேண்டுவதில்லை.

1898-ஆம் ஆண்டில் சாமிநாதையரவர்கள் பதிப்பித்து உதவிய மணிமேகலையிற் சிறைவிடு காதையை நோக்குங்கள். உதயகுமரனை வெட்டியவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன். மகனை இழந்த இராசமாதேவியோ மணிமேகலைமேற் பழி கொண்டாள், நலஞ்செய்வாள் போலச் சிறையினின்று தன்பால் வருவித்தாள், மயக்கும் மருந்தூட்டினாள். அது பலியாமற் போகவே, கல்லா இளைஞனொருவனை அழைத்துக் கைநிறையக் காணம் கொடுத்தாள். எதற்கு? மணிமேகலையைக் கெடுத்து, அவளே தன்னோடு இசைந்தாளென்று ஊரார் பலர்க்கும் உரைப்பதற்கு! ஏவியவளிடம் காமம் ஏது? அவளைத் தூண்டியது வெகுளி. அவனை ஈர்த்தது பொருள். எனினும், எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மூன்றாவதாகிய பொல்லாக் காட்சியே. கெடுத்தவனை விட்டுக் கெடுக்கப்பட்டவளை இகழும் ஊர் ஒன்று இருந்தாலன்றோ அரசியின் சூழ்ச்சி பலிக்கும்? மணிமேகலை மந்திரத்தால் ஆணுருக் கொண்டு தப்பினாள். நம் பெண்மக்கட்கு அம்மந்திரம் இல்லை. அவர்கட்கு இத்துன்பம் நேர்ந்தால், ‘அவள் ஏன் அங்கே போனாள்?’ என்பதே பெரியோரின் முதல் வினா. ‘வெளியில் தெரியாமல் அவனுக்கே கட்டிவைத்து விடுக’ என்பது முடிவு. அரசி பொன் கொடுத்து வாங்க முயன்றதை நாம் பொன்னின்றியே கொடுக்கின்றோம்.

புத்தர் காலத்தில் உப்பலவண்ணை என்னும் பிக்குணி சாவத்தி நகர்க்கு அயலிலுள்ள அந்தவனத்திற் குடிலமைத்து வாழ்ந்தாள். துறவுக்கு முன்பே அவளை விரும்பியிருந்த மாமன் மகன் குடிலில் ஒளிந்திருந்து அவளை வன்கொடுமை செய்தான் என உரைநூல் கூறும். முறைமை உண்டென்னும் செருக்கும் அவனிடம் இருந்தது போலும்! செய்தி புத்தர்பாற் சென்றது. இசையாதவட்குக் குற்றமில்லை என்பதே அவர் தீர்ப்பு. விநய நூலில் இன்றும் அது காணப்படும். பின்னர்ப் பிக்குணிகள் காட்டில் உறைதல் விலக்கப்பட்டது. பசேனதி மன்னன் நகர்க்குள்ளே அவர்கட்கு உறையுள் அமைத்தான். உப்பலவண்ணையோ சங்கத்தினின்று விலக்கப்பட்டாளல்லள். பிக்குணிகளுள் இருத்தி ஆற்றலில் தலையாயவள் என்று புத்தராற் போற்றப்பட்டவள் அவளே.