இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

நான் பேங்க்கில் கணக்கு எழுதியவன், மெக்கானிக் இல்லை. போன மாசம் குமுளி போய்விட்டு மார்க்கையன்கோட்டை திரும்பும்போது, லோயர் கேம்ப் இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலில் போட்டேன். பெட்ரோல் மிச்சமாகும் என்ற நினைப்பு. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். பாதி வழியிலேயே பிரேக் தீய்ந்த வாடை. பின் சீட்டில் பேத்தி. எனக்கு வேர்த்துவிட்டது.

கணக்கும் தலைகீழ்தான். இப்போதைய காரில் 'டி'யில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் செலவாகும். போடிமெட்டு, மேகமலை போகிறவர்கள் இறக்கத்தில் 'எம்' அல்லது 'எல்'லுக்கு மாற்றி, சின்ன கியரில் இறங்குங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் பிரேக்கில் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரில் அல்ல. ஏ.சி.யை அணைக்கச் சொல்லமாட்டேன், வீட்டில் சண்டை வரும்.