முதியோர்க்கும் ஒரு திறந்த வெளி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வாலிபர் சங்கமொன்று தனக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று கேட்டால் வியப்பார் ஒருவருமிலர். அதே சங்கம் ஊரிலுள்ள அப்புமாருக்கும் ஆச்சிமாருக்கும் தேகாப்பியாசஞ் செய்ய ஓரிடம் வேண்டுமென்று கேட்டாலோ சிலர் நகைப்பர். “வயதுபோனதுகளுக்கு என்ன விளையாட்டு?” என்னுங் கேள்வி எமது காதிலும் விழுந்ததுண்டு. அதற்கு விடையிறுக்கவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

எமது ஊர் வீடுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். அப்புவும் ஆச்சியும் படலையைச் சாத்திவிட்டு விறாந்தையில். முன்னாளில் கிணற்றில் நீர் இறைத்ததும், தோட்டத்துக்கு நடந்ததும், சந்தைக்குப் போய்வந்ததுமே அவர்களுக்குத் தேகாப்பியாசமாயிருந்தன. இன்று நீரை மோட்டார் இறைக்கின்றது. சாமான்களை முச்சக்கரவண்டி கொண்டுவருகின்றது. நடவாத கால் வலுவிழக்கின்றது. வலுவிழந்த கால் இடறுகின்றது. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பின்னர் படலையைத் தாண்டுவதே அரிதாகிவிடுகின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், 65 வயதைக் கடந்தோரும் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டும் என்கின்றன. கிழமையில் மூன்று நாட்களேனும் உடலின் சமநிலையையும் தசைவலுவையும் பேணும் பயிற்சிகள் வேண்டுமென்றும் அவை கூறுகின்றன. நாளுக்கு இருபத்திரண்டு நிமிட நடை, அவ்வளவே. ஆனால் அவர்கள் எங்கே நடப்பது? மோட்டார் சைக்கிள் பறக்கும் ஒழுங்கையிலா, மூடியில்லாத வாய்க்காலோரத்திலா?

மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குக் காலை மணியடித்ததும் மைதானத்தில் வரிசையாய் நின்று கைகால் நீட்டும் பழக்கம் இருந்தது. பதினெட்டு வயதோடு அந்த மணி ஓய்ந்துவிட வேண்டுமென்று விதித்தவர் யாரோ!

பூங்காக்களும் பொது வெளிகளும் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் உள்ளன. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் மாநகர சபை, நகர சபைகள், பிரதேச சபைகள் என 17 மன்றங்கள் உண்டு. 2023 மார்ச்சில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே மாதம் 6ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை, அவற்றை உறுப்பினரின்றி அலுவலர்களே நடாத்தினர். அக்காலத்திற் போலன்றி இன்று நாம் சென்று கேட்பதற்கு எமது வட்டாரத்தின் உறுப்பினர் இருக்கின்றார். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், சபையின் குழுக்களில் ஊரவரைச் சேர்த்துக்கொள்ள வழிவைத்துள்ளது. அந்த வாசலை நாம் தட்டாமலிருப்பது சபையின் குற்றமன்று.

சபையும் ஊரவரும் கைகோத்தால் இயலுமென்பதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. யாழ் நகரின் ஆரியகுளம், மாநகர சபையாலும் கொடையாளரின் பொருளுதவியாலும் 2021இல் திருத்தியமைக்கப்பட்டது. குளத்தைச் சுற்றி நடக்கவும் அமரவும் இடமுண்டாயிற்று. நகரத்தார்க்கு அது வாய்த்தது, கிராமத்தார்க்கு?

சரி, எதைக் கேட்பது? இங்கேதான் பலரும் இரும்புக் கருவிகளைக் கேட்கின்றார்கள். திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் அவை மிக நல்லவை. ஓரிடத்தில் அத்தகைய கருவிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, முழங்காலளவு புல்லுக்குள் நிற்பதைக் கண்டோம். கால் வைக்கும் தட்டு ஒன்று கழன்று தொங்கிற்று. அதில் ஏறும்படி எந்த ஆச்சியிடம் சொல்வது? யப்பானில் 1928ஆம் ஆண்டு தொடங்கிய வானொலித் தேகாப்பியாசத்துக்குக் கருவி எதுவுமில்லை. ஒரு வானொலிப்பெட்டியும் நிற்க இடமும் கூடிச் செய்ய அயலவருமே வேண்டும். இன்றும் அங்கே முதியோர் காலையிற் பூங்காக்களிற் கூடி அதனைச் செய்கின்றார்கள்.

ஆதலால் எமது விண்ணப்பம் சிறியது. சனசமூக நிலையத்துக்கு அருகிலுள்ள வெறுவளவில் மேடுபள்ளமில்லாத நடைபாதை; ஒருபுறம் பிடித்து நடக்கக் கைப்பிடி; ஐம்பது அடிக்கொன்றாகச் சாய்மானமுள்ள வாங்கு; நிழலுக்கு வேம்பு; ஒரு விளக்கு; குடிநீர்; மலசலகூடம். கடைசியிற் சொன்னதைப் பலர் மறந்துவிடுவர். அது இல்லாத இடத்துக்கு முதியவர்கள், அதிலும் பெண்கள், வரமாட்டார்கள்.

சபை இவற்றைக் கட்டித் தரலாம். நாள்தோறும் காத்துத் தர அதனால் இயலாது. ஆகவே வெறும் மனுவோடு போகாமல், எமது பங்கையும் எழுத்தில் எழுதிக்கொண்டு போவோம். ஞாயிறுதோறும் கூட்டித் துப்புரவாக்குவது, புல் வெட்டுவது, வாங்கு உடைந்தால் அன்றே சபைக்கு அறிவிப்பது, தனித்து வர அஞ்சுபவரை வீட்டுக்குச் சென்று அழைத்துவருவது ஆகியன எம்முடையவை. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொறுப்பாளரின் பெயரும் இருக்கவேண்டும். “சங்கம் செய்யும்” என்று எழுதினால் ஒருவரும் செய்யார். இது நாமெல்லாரும் அறிந்த இரகசியம்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை ஆண்டிறுதியில் நிறைவேற்றிவிடும். எமது கடிதம் அதற்கு முன்னரே தவிசாளரின் மேசையில் இருக்கவேண்டும். அதற்கும் முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஊர் முதியோர் சங்கத்தாரிடம் இன்னும் ஒருவரும் எதுவுங் கேட்கவில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களே, கூட்டம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். வாசலில் ஒரு கொப்பியோடு இரு தம்பிமார் நிற்பார்கள். எந்த நேரம் உங்களுக்கு வசதி, எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எந்த ஒழுங்கையால் வர அச்சம் என்பவற்றை அவர்களிடஞ் சொல்லுங்கள்.