பாலத்துக்கு அந்தப் பக்கம்



"சிங்கப்பூர்க்காரங்க நம்மைவிட நல்லா இருக்காங்களா, சார்?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜோகூர்ப் பாலம் தாண்டிப் போகும் அப்பாமார்களின் பிள்ளைகள், கேட்கத்தான் செய்வார்கள்.

பணத்தைப் பார்த்தால் பதில் சுலபம். அங்கே ஒரு வெள்ளி, இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் பெரும்பாலோருக்கு அடுக்குமாடியில் சொந்த வீடு. நம் தோட்டத்து லயத்திலோ வேலை போனால் வீடும் போச்சு! ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓர் அறையில் பலர் தங்கும் விடுதிதான் அவர்கள் வீடு. அவர்களும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள்.

சரி, பண்பாடு? அங்கே தமிழ் ஆட்சிமொழி. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. பெருமைதான். ஆனால் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் இந்தியர்களில் சுமார் 27 சதவீதமே. (இந்தியர் எல்லாரும் தமிழரல்லர் என்பது வேறு விஷயம்.) தைப்பூச விடுமுறையும் அங்கே 1968இல் போய்விட்டது, ஜோகூரில் நமக்கு உண்டு.

மலேசியாவில் இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல தோட்டப் பள்ளிகளில் பெஞ்சு இருக்கிறது, பிள்ளை இல்லை. வெள்ளி சம்பாதிக்கப் போகிறவர்களே, போய் வாருங்கள், நான் தடுக்கவில்லை. பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது மட்டும் இந்தப் பள்ளி வாசலுக்கு வாருங்கள்.