முதல் பட்டதாரி வீட்டுக் கணக்கு



தாலுகா அலுவலகத்தில் வாங்குகிற சான்றிதழ்களில் ஒன்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொஞ்சம் கனத்துப்போகும். முதல் பட்டதாரிச் சான்றிதழ். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் நம்மிடம் இருப்பதைச் சொல்கின்றன. இது ஒன்றுதான் நம் வீட்டில் இதுவரை இல்லாமல் போனதைச் சொல்கிறது. அப்பா பட்டம் வாங்கவில்லை, அம்மா வாங்கவில்லை, அண்ணன் அக்கா வாங்கவில்லை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் வாங்கவில்லை. ஒவ்வொருவர் பெயராக எழுதி, எதிரே அவர் எதுவரை படித்தார் என்று நிரப்ப வேண்டும். 2010-11 கல்வியாண்டிலிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழின் பேரில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

செங்கோட்டையில் அந்தப் படிவத்தை நிரப்புகிற ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் சொல்லவில்லை. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பல வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். அவளுடைய அப்பா பிரானூரில் மர அறுவை மில்லில் வேலை செய்கிறார். அம்மா வீட்டோடு இருந்து பீடி சுற்றுகிறார். அம்மாவைப் பெற்றவரும் கூடவே இருக்கிறார். அவரை அவள் 'அம்மாயி' என்று கூப்பிடுகிறாள். தென்காசிப் பக்கத்தில் நாம் 'ஆச்சி' என்போம். அந்த ஒரு சொல்லை வைத்தே அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுகிறார்கள், இவர்கள் சிலோன்காரர்கள் என்று.

படிவத்தில் அம்மாயியின் பெயருக்கு எதிரே அவள் எழுதுகிறாள்: மூன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்று படிவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு நடுவே இருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கூடம் என்று எழுதியிருப்பாள்.

புலம்பெயர்ந்தவர்கள் என்றால் நமக்கு லண்டனும் டொரன்டோவும்தான் நினைவுக்கு வருகின்றன. செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறி இறங்கினால், ஐம்பது கிலோமீட்டருக்குள் குளத்துப்புழை வந்துவிடும். அங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய புலம்பெயர்ந்த சமூகம் தமிழ் பேசிக்கொண்டு வாழ்கிறது. கதை அங்கிருந்து வருகிறது. ஆனால் தொடங்கியது அங்கே இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் நம் மாவட்டங்களிலிருந்து சனங்கள் கங்காணிகளின் பின்னால் கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. லயம் என்கிற வரிசைவீட்டு அறையிலேயே நாலைந்து தலைமுறை பிறந்து வளர்ந்தது. 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த எண்களைப் பள்ளிப் புத்தகத்தில்கூடப் படித்திருப்பீர்கள். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு எண் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் உடைமைகளை எடுத்துவரலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகலாம் என்று வைக்கும் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்று எழுதியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஒரு குடும்பத்தின் சொத்துக்கு இரண்டு நாட்டு அரசுகள் போட்ட கணக்கு அது.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, கையில் பேமிலி கார்டோடு அவர்கள் பிரிந்து போனார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். குடும்பச் சொத்து எப்படி உண்டாகிறது, எப்படிக் கரைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வந்தவர்களுக்குப் பல வழிகள் வைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். 5,000 ரூபாய் வரை கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். விடிந்ததும் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பேர் போட்டு, அந்திவரை மலையில் நின்ற மனிதருக்குக் கடையில் என்ன தெரியும்? எந்தச் சந்தையில் சரக்கு எடுப்பது, யாருக்குக் கடன் சொல்வது, எவனை நம்புவது, ஒன்றும் தெரியாது. இடைத்தரகருக்குப் போனது போக மிஞ்சியது சாப்பாட்டுக்குச் செலவானது. பணம் கரைந்தது, கடன் மட்டும் பேரில் நின்றது. மறுபடி மலைதான் கதி என்று கொடைக்கானல் பக்கம் போனவர்களில் பலர் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளானார்கள். 1980களில் அது வெளியே தெரிந்து நீதிமன்றம் வரை போனது.

இன்னொரு கூட்டத்துக்கு ரொக்கம் கிடைக்கவில்லை, நிரந்தர வேலை கிடைத்தது. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம். கேரளத்தில், புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம். குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டம் போட்டுத் திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் கொடுத்தார்கள். நம் அம்மாயி அங்கேதான் போய்ச் சேர்ந்தார். கொழுந்து பறித்த கை பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தது. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபார்த்து, பிறகு பாலைச் சேர்த்துத் தூக்கி வருகிற வேலை. கூலி பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் மாதம் தவறாமல் வந்தது, அதில் வைப்பு நிதி பிடித்தார்கள், ஓய்வில் பணிக்கொடை உண்டு. கையில் மொத்தமாக ரூபாய் வாங்கியவர்களைவிட, மாதாமாதம் கூலி வாங்கியவர்களுக்குத்தான் நிற்க ஒரு தரை கிடைத்தது என்பது என் எண்ணம்.

அந்தத் தரையிலும் ஓர் ஓட்டை இருந்தது. தோட்டக் குடியிருப்பு தொழிலாளிக்குச் சொந்தம் இல்லை. பணிக்கொடைக் கணக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. முப்பத்தைந்து வருஷம் பால் வெட்டிய அம்மாயிக்கு அது 525 நாள் கூலி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு மகளின் கல்யாணக் கடன் போக மிஞ்சியதை வைத்துச் செங்கோட்டையில் ஒத்திக்கு ஒரு வீடு பிடித்தார்கள். இத்தனை தலைமுறை உழைப்பில் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட பட்டா இல்லை.

செங்கோட்டைக்கு அவர்கள் வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. ஊர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிப் போனது. 1904இல் போட்ட கொல்லம் ரயில் பாதை, 2018இல் அகலப் பாதையாகி, இன்றும் பதிமூன்று கண் பாலத்தின் வழியே இரண்டு பக்கத்து உறவுகளையும் சேர்த்து வைத்திருக்கிறது.

இப்போது பெண்ணிடம் வருவோம். அவளுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆசை. அப்பாவுக்குக் குற்றாலம் பராசக்தி கல்லூரி போதும் என்று நினைப்பு. பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டுப் பொழுது சாய வீடு வந்துவிடலாம், விடுதிச் செலவு மிச்சம். அந்தக் கல்லூரி தொடங்கியதும் 1964ஆம் ஆண்டுதான். அம்மாயியைப் போன்றவர்களைக் கப்பலேற்ற முடிவு செய்த அதே ஆண்டில், குற்றாலத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி திறந்திருக்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் சரி, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். 2022 முதல் நடக்கிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கி, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த விவரங்களைப் பள்ளியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை, அதற்கும் மேலே விழுகிற செலவைப் பற்றித்தான். பெற்றோரே, கல்விக்கடன் என்று பயந்து வெளியே வட்டிக்கு வாங்காதீர்கள். நான்கு லட்சம் வரை அடமானமும் வெளியாள் ஜாமீனும் இல்லாமல் வங்கிகள் கல்விக்கடன் தருகின்றன, உங்கள் கையெழுத்து போதும். திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்த பிறகுதான். பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 10,000, வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பதினான்கு வருஷம் கழித்துத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளர் குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்ததை நாம் பார்த்தோம். அந்த அக்டோபர் மாதத்தை நம் மாவட்டத்து மனிதர் யாரும் மறக்கக் கூடாது.

சரி, படித்து முடித்தாள், வேலையும் கிடைத்தது. சென்னைக்குப் பொதிகை ரயில் ஏறலாம், இல்லை மத்தளம்பாறையில் ஜோகோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். சம்பளம் மாதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாமா ஒரு சீட்டில் சேர்த்துவிடுவார். அத்தை வீட்டு விசேஷத்துக்குப் பவுன் போட வேண்டும். தம்பிக்கு பைக். "இவ்வளவு நாள் கஷ்டப்பட்டோமே, கொஞ்சம் பெரிய வீட்டுக்குக் குடிபோனால் என்ன" என்று யாராவது கேட்பார்கள். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று வியாபாரக் கடனாக வந்த 5,000 ரூபாய் கரைந்ததே, அதே மாதிரிதான் இதுவும் கரையும்.

அவளுக்கு ஐந்து வருஷம் கொடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று அவள் வாயால் ஒரு தொகை சொல்லட்டும், அதற்கு மேல் கேட்காதீர்கள். முதலில் வெளிக்கடன் அடையட்டும், அடகுக் கடையில் இருக்கிற அம்மாவின் கம்மல் திரும்பட்டும். அடுத்து, ஆறு மாதச் செலவுக்கு உண்டான பணம் வங்கியில் நிற்கட்டும்.

மகளே, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காதே, புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உன் பங்கு 1,800, முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்குப் போனது போக 550, ஆக மாதம் 2,350 ரூபாய். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும், 8 சதவீத வட்டியில் முப்பது வருஷத்தில் அது 30 லட்சத்தைத் தாண்டும். பத்து வருஷச் சேவை இருந்தால் ஓய்வூதியமும் உண்டு. அம்மாயி பால் வெட்டி வாங்கிய அதே வைப்பு நிதிதான் இது. அவருக்கு அதைத் தொடாமல் வைத்திருக்க வசதி இல்லை, உனக்கு இருக்கும்.

ஐந்து வருஷம் கழித்து மூன்று சென்ட் நிலம் பாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா மூன்றையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள். பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள், 2025 ஏப்ரலிலிருந்து. அம்மா பெயரில் பதியலாம். பெண் கல்யாணமாகிப் போய்விடுவாளே, அவள் சம்பளத்தில் நமக்கென்ன என்று நினைக்கிற தகப்பனார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அவள் பெயரிலேயே பதியுங்கள் என்று சொல்வேன்.

முதல் சம்பளம் வந்த அன்று ராத்திரி எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் சம்பளத்தை எழுதாதீர்கள். கப்பலில் ஏறியபோது என்னவெல்லாம் கையில் இருந்தது என்று அம்மாயியைக் கேளுங்கள். எத்தனை தகரப் பெட்டி, எத்தனை பாத்திரம், எவ்வளவு ரூபாய். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் 525 நாள் கூலி. அதற்கும் அடுத்த பக்கத்தில் உங்கள் சம்பளம்.