தட்டிக் கொடுத்த கையும் அலறிய கருவியும்

(சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்கு ஆஸ்பத்திரியில என்னப்பா வேலை?" என்று காலையில் நம் பேராசிரியர் கேட்டார். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

பெரியவர்களுக்கு ஃபிட்ஸ் வந்தால் பெரும்பாலும் பார்த்தாலே தெரியும். பச்சிளங்குழந்தைக்கு அப்படியில்லை. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தை சும்மா தூங்குவது போலிருக்கும். உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும். மருந்து கொடுத்ததும் கைகால் இழுப்பு நின்று, மூளையில் மட்டும் வலிப்பு தொடர்வதும் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது ஈ.ஈ.ஜி.தான். ஆனால் அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்த டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் இருப்பாரா?

அங்கேதான் நமக்கு வேலை. தலையில் ஒட்டிய எலெக்ட்ரோடில் கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்கிலான சிக்னல். வலிப்பென்றால் ஒரே மாதிரி அலை திரும்பத் திரும்ப வரும். வழக்கமான கணக்கு, குறைந்தது 10 விநாடி. அதைத் தேடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

எங்கள் புரோகிராமை வார்டில் வைத்த முதல் நாளே அலாரம் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்! தாளம் தப்பாத அந்தத் தட்டலை வலிப்பு என்று எண்ணிவிட்டது கருவி. பயந்துபோன அந்தத் தாய், நாங்கள் எவ்வளவு சொல்லியும் அன்று முழுக்கக் குழந்தையைத் தொடவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

நிபுணர்களுக்கே இது கஷ்டம். ஹெல்சின்கியில் பதிவு செய்த 79 குழந்தைகளின் ஈ.ஈ.ஜி.யை மூன்று நிபுணர்கள் தனித்தனியே பார்த்தார்கள். 2019இல் அது வெளியானது. 39 குழந்தைகளுக்கு வலிப்பு உண்டு, 22 பேருக்கு இல்லை என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள். மீதி 18 பேர் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை.

ஆனாலும் கருவியால் பலன் உண்டு. ஐரோப்பாவில் 8 மருத்துவமனைகளில் நடந்து, 2020இல் வெளியான ஆய்வில், வலிப்பு இருந்த மணிநேரங்களில் 66 சதவீதத்தைக் கருவியின் துணையோடு சரியாகக் கண்டுபிடித்தார்கள். துணையில்லாமல் 45 சதவீதம்தான். எந்தக் குழந்தைக்கு வலிப்பு என்று சொல்வதில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் புரிந்துகொண்டது இதுதான்: கருவி ஆளைக் கூப்பிடலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. இப்போது எங்கள் திரையில் அலாரத்தோடு ஒரு கேள்வியும் வருகிறது: "யாராவது குழந்தையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களா?"

ஜூனியர் தம்பி தங்கைகளே, மருத்துவக் கருவி செய்ய ஆசையிருந்தால், முதலில் ஒரு ராத்திரி வார்டில் உட்கார்ந்து பாருங்கள்.