கைத்தறிக்கு வேண்டுவது இரக்கமன்று



நெசவாளி பிழைத்துப் போகட்டும், கைத்தறித் துணியை வாங்குங்கள் என்று மேடைக்கு மேடை செய்யப்படும் விண்ணப்பத்தை வழிமொழிய நான் இங்கே வரவில்லை. தயை கூர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டிய பண்டமா அது என்று கேட்கவே வந்திருக்கிறேன். 1734-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் நெசவாளரைக் குடியேற்றிச் சென்னையில் ஒரு பேட்டையை உண்டாக்கினார்களே, சின்னத்தறிப்பேட்டை என்று தொடங்கி இன்று சிந்தாதிரிப்பேட்டையாக நிற்கிறதே, அவர்கள் இரக்கத்தாலா அழைத்தார்கள்? கப்பலேற்றிச் சீமையில் விற்றால் லாபம் கொழிக்கும் துணி நம்மவர் கையில் இருந்தது, அதனால் அழைத்தார்கள்.

அந்தக் கையின் வித்தையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, இழையோடு இழை ஒட்டாமல் பிரித்து உலர்த்துகிறார்களே, அந்தப் பக்குவம் தவறினால் தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையிலோ உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள். நெசவாளி ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர, ஒவ்வோர் ஊடையிலும் இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. என் தாயாரின் கல்யாணச் சேலையில் துணி நைந்த பின்னும் அந்தப் பிணைப்பு விடவில்லை. விசைத்தறியின் வேகத்துக்கு நூலை இறுக்கிப் பூட்ட வேண்டும். கைத்தறியில் நூல் சற்றுத் தளர்ந்து நிற்பதால், நம்முடைய சித்திரை வெயிலில் அத்துணி உடம்புக்கு இதமாயிருக்கிறது. இதில் தர்மம் கொடுக்க என்ன இருக்கிறது?

கொடுக்க வேண்டியது நியாயம். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று முதலமைச்சராயிருந்தபோது ராஜாஜி வாதாடினார். 1985-ல்தான் பார்லிமெண்டு ஒதுக்கீட்டுச் சட்டம் செய்தது; 22 ரகங்களோடு தொடங்கிய அந்தப் பட்டியலும் பிறகு 11 ஆகச் சுருங்கிப்போயிற்று. விசைத்தறியில் நெய்த துணியைக் கைத்தறியென்று கூசாமல் விற்பவன், வாங்குகிறவரையும் நெய்கிறவரையும் ஒருசேர வஞ்சிக்கிறான். அதைத் திருட்டு என்றே நான் சொல்வேன்.

ஆகையால், தாய்மார்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது 2006-ல் வந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பாருங்கள்; ரசீதில் ‘கைத்தறி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால், சேலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்!