மருந்துக்குச் சாகாத கிருமி எங்கிருந்து வந்தது?

(வண்ணாரப்பேட்டையில் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற வகுப்பில் டார்வினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மில் தோழர் எழுந்து ஒரு கேள்வி போட்டார். "ஜீனில் ஏற்படும் திடீர் மாற்றம் என்பது ஒரு பிழைதானே? தறியில் பிழை நேர்ந்தால் துணிதான் கெடும். பிழையிலிருந்து புதிய குணம் எப்படிப் பிறக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படித்த மேதாவிகள் பலரும் இதே கேள்வியைத்தான் எழுப்பி, பரிணாமத்தை மறுக்கிறார்கள். ஆகவே இன்று இதை மட்டும் எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டாம். நமது குடிசைகளிலும் லைன் வீடுகளிலும் காலங்காலமாகக் குடியிருக்கும் டி.பி. கிருமியே போதும்.

தறி அட்டையும் ஜீனும்

ஜக்கார்டு தறி உங்களுக்குத் தெரியும். அட்டையில் போட்ட துளை எப்படியோ அப்படித்தான் துணியில் பூ விழும். பழைய அட்டையைப் பார்த்துப் புது அட்டை அடிக்கிறவர் ஒரு துளையை இடம் மாற்றி அடித்துவிட்டால், அதன் பிறகு அந்த அட்டையில் நெய்யும் துணியிலெல்லாம் அந்த மாற்றம் வரும். உயிர்களிலும் இப்படியே. உடலை நடத்தும் உத்தரவுகள் டி.என்.ஏ. என்ற இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றன. காசக்கிருமியின் இழை முழுவதையும் 1998ல் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். சுமார் 44 லட்சம் எழுத்துக்கள். கிருமி இரண்டாகப் பிளக்கும் ஒவ்வொரு முறையும் இத்தனை எழுத்தையும் நகல் எடுக்கவேண்டும். மிக அபூர்வமாக ஓர் எழுத்து தவறிப்போகிறது. இதுதான் திடீர் மாற்றம்.

ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில சமயம் கிருமி செத்துப்போகும். எப்போதோ ஒரு தடவை வேறு விஷயம் நடக்கிறது. ஐசோனியாசிட் என்ற மாத்திரை 1952ல் வந்தது. சுமார் பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று அதற்குச் சாகாததாக இருக்கிறது. ரிபாம்பிசின் மாத்திரைக்குச் சாகாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. அபூர்வம்தானே என்று நினைக்காதீர்கள். புண்ணாகிக் குழி விழுந்த நுரையீரலில், ஒரு குழியிலேயே சுமார் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். கணக்குப் போடுங்கள்: ஐசோனியாசிட்டுக்குச் சாகாதவை அங்கே நூறு இருக்கும், ரிபாம்பிசினுக்குச் சாகாதது ஒன்று இருக்கும்.

நமது சென்னையில் நடந்த சோதனை

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1956ல் நமது சேத்துப்பட்டில் காசநோய் ரசாயன சிகிச்சை நிலையம் துவங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னை நகரின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளே அங்கு சிகிச்சைக்கு வந்தவர்கள். சானடோரியம் படுக்கையும் நல்ல சாப்பாடும் இல்லாமல் இந்த நோய் தீராது என்பதுதான் அதுவரை பெரிய டாக்டர்களின் அபிப்பிராயம். ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றொரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959ல் அறிவித்தார்கள். உலகம் முழுவதும் ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்ற வழி சென்னையிலிருந்து திறந்தது.

அதே நிலையம் அடுத்து ஒரு சோதனை நடத்தியது. ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுப்பதா, பி.ஏ.எஸ். என்ற மற்றொரு மருந்துடன் சேர்த்துக் கொடுப்பதா? இரண்டும் சேர்ந்தபோதுதான் அதிகம் பேர் குணமானார்கள் என்று 1960ல் முடிவு வெளியாயிற்று. காரணம் நமது கணக்கிலேயே இருக்கிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் சாதாரணக் கிருமிகள் மடிகின்றன. நோயாளிக்கு இருமல் குறைகிறது, உடம்பு தேறுகிறது. ஆனால் சாகாத அந்த நூறு கிருமிகளுக்கு இப்போது போட்டி இல்லை, இடம் காலி. அவை பெருகிக் குழியை மீண்டும் நிரப்புகின்றன. இப்போது இருப்பவை எல்லாம் மருந்துக்கு அஞ்சாத வம்சம். இரண்டு மருந்துகளையும் ஒருசேரக் கொடுத்தால்? ஐசோனியாசிட், ரிபாம்பிசின் இரண்டுக்கும் சாகாத கிருமி தானாகப் பிறக்கவேண்டுமானால் நூறு லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். அவ்வளவு கிருமிகள் எந்த நுரையீரலிலும் இல்லை. டி.பி.க்கு நான்கு மாத்திரைகளை ஒன்றாகக் கொடுக்கும் வழக்கத்தின் அடிப்படை இதுதான்.

மருந்து மாற்றியதா, பொறுக்கியதா?

"மருந்தைக் கண்டு கிருமி தன்னை மாற்றிக்கொண்டது என்று ஏன் சொல்லக்கூடாது?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு 1943லேயே பதில் கிடைத்துவிட்டது. முசோலினியின் இனவெறிச் சட்டத்தால் இத்தாலியை விட்டு வெளியேறிய லூரியாவும், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த டெல்புரூக்கும் அமெரிக்காவில் செய்த சோதனை அது. பல குழாய்களில் தனித்தனியே பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸோடு சேர்த்து, பிழைத்தவற்றை எண்ணினார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருக்கவேண்டும். அப்படி இல்லை. பல குழாய்களில் ஒன்றுகூட இல்லை; சிலவற்றில் ஏராளம். அந்தச் சிலவற்றில் மாற்றம் வெகுமுன்பே நேர்ந்து, பிள்ளை பேரன் என்று வம்சம் பெருகியிருந்தது என்பதே பொருள்.

ஆகவே பிழை குருட்டாம்போக்கில் நேர்கிறது. அதில் எது நிலைப்பது என்பதைச் சூழ்நிலை பொறுக்குகிறது. முறத்தில் நெல்லைப் புடைக்கும் பெண் நெல்லையும் பதரையும் படைப்பதில்லை, பிரிக்கிறாள். ஆனால் புடைத்த பிறகு முறத்தில் இருப்பது முன்பு இருந்தது போல் இல்லை. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான்.

கெடுப்பது மட்டும்தானா?

இப்போது மில் தோழரின் கேள்விக்கு நேராக வருவோம். பிழை கெடுக்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஐசோனியாசிட் தானாக விஷமல்ல; கிருமியின் உள்ளே இருக்கும் ஓர் என்சைம்தான் அதை விஷமாக்குகிறது. அந்த என்சைம் பழுதானால் மருந்து பலிக்காது. இங்கே பழுதே பாதுகாப்பு ஆகிவிட்டது.

ரிபாம்பிசின் கதை இன்னும் சுவையானது. கிருமியின் முக்கியமான ஓர் இயந்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துவது இந்த மருந்து. அந்த இயந்திரத்தின் ஜீனில் 81 எழுத்துள்ள ஒரு துண்டில்தான் பெரும்பாலான மாற்றங்கள் விழுகின்றன. மருந்து ஒட்டும் இடம் மாறிவிடுகிறது, இயந்திரம் ஓடுகிறது. ஆனால் சற்று மந்தமாக ஓடுகிறது. அதன் பிறகு அதே இயந்திரத்தின் வேறு பாகங்களில் இரண்டாவது மாற்றம் ஒன்று நேர்ந்து, மந்தத்தைச் சரிசெய்துவிடுகிறது. மருந்துக்கும் சாகாது, வேகமும் குறையாது என்ற கிருமி இப்படிப் படிப்படியாக உருவாகிறது. ஒரு பிழை, ஒரு தேர்வு, மேலும் ஒரு பிழை, மேலும் ஒரு தேர்வு!

முற்றிலும் புதிய குணம் வேண்டுமா? அமெரிக்காவில் லென்ஸ்கி என்ற விஞ்ஞானி 1988ல் ஒரே பாக்டீரியாவின் வம்சத்தை 12 குடுவைகளில் வளர்க்கத் துவங்கினார். குடுவையில் சிட்ரேட் என்ற பொருளும் இருந்தது. காற்று உள்ள இடத்தில் இந்த பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாது. சுமார் 31,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு குடுவையில் மட்டும் தின்னத் துவங்கிவிட்டது. 2008ல் செய்தி வெளிவந்தது. ஆராய்ந்தால், சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் ஜீன் முன்பே இருந்தது, காற்றில் வேலை செய்யாமல் கிடந்தது. நகல் எடுக்கும்போது அது இரட்டித்து, இரண்டாவது நகல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்விச்சின் பக்கத்தில் போய் விழுந்தது. ஓரத்தில் நின்ற பழைய மெஷினுக்கு ஓடுகிற ஷாஃப்டிலிருந்து பெல்ட் மாட்டியது போலத்தான்.

ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதும் இடத்தைப் பொறுத்தது. 1952ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நமது நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் போல் வளையும் ரத்த அணுவைக் கண்டார்கள். ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் குழந்தைக்குக் கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு. மலேரியா உள்ள காட்டில் அந்த ஜீன் நிலைத்தது அதனால்தான்.

தீர்மானத்துக்கு இயற்கை கட்டுப்படாது

ஒரு கசப்பான சரித்திரத்தையும் சொல்லவேண்டும். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் ஜீன் சாஸ்திரத்தைப் பொய் என்றார். சூழ்நிலையால் பயிர் அடையும் குணம் அப்படியே விதைக்கும் போகும் என்றார். 1948ல் மாஸ்கோவில் விவசாய அகாடமியின் கூட்டத்தில் அவர் கருத்தே அதிகாரபூர்வமாயிற்று. விஞ்ஞானிகள் வேலை இழந்தார்கள். உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த வாவிலோவ் முன்பே 1940ல் கைதாகி, 1943ல் சரடோவ் சிறையில் மாண்டார். ஜீன் சாஸ்திரம் அங்கே மீண்டும் தலைதூக்க 1960களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பெரும்பான்மை வாக்கால் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். கிருமி எப்படி மாறுகிறது என்பதை முடிவுசெய்ய முடியாது. உழைக்கும் மக்களின் பெயரால் பேசுகிறவர்கள்தான் இதை முதலில் நினைவில் வைக்கவேண்டும். ஏனெனில் விஞ்ஞானம் தவறினால் முதலில் பட்டினி கிடப்பவனும் சாகிறவனும் உழைப்பாளிதான்.

நமக்கு இதனால் என்ன?

தோழர்களே, மாத்திரை துவங்கி இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போகிறது. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. அவர் நிறுத்திவிடுகிறார், அல்லது நான்கில் இரண்டை மட்டும் விழுங்குகிறார். அன்று முதல் அவர் மார்பில் தேர்வு நடக்கிறது. தேறி வரும் கிருமி அவரோடு நிற்காது. அது அவர் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். வாங்குகிறவர் முதல் நாளிலிருந்தே மருந்துக்குச் சாகாத டி.பி.யை வாங்குவார்.

அவரைத் திட்டிப் பயனில்லை. அரைநாள் லீவுக்குக் கூலி வெட்டும் காண்டிராக்ட் முறையும், மருந்துக் கடையில் சரக்கு தீர்ந்துபோகும் நிர்வாகமும், காற்று நுழையாத வீடும் கிருமியின் கூட்டாளிகள். ஆகவே நாம் செய்யவேண்டியவை இரண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள்; அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். ரிபாம்பிசினுக்குச் சாகாத கிருமியா என்பதை, நான் சொன்ன அந்த 81 எழுத்தைப் பார்த்தே சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லும் இயந்திரம் இன்று இருக்கிறது. மருந்தைத் துவங்கியவர், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு வேளையும் விடக்கூடாது.

இரண்டாவது, சிகிச்சை நாட்களுக்குச் சம்பளத்துடன் லீவு என்ற கோரிக்கையைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்தே கேளுங்கள். நிர்வாகம் ஏன் என்று கேட்டால் பரிணாமத்தையே காரணமாகச் சொல்லுங்கள். பாதியில் நின்ற சிகிச்சை ஒருவர் வீட்டு விஷயமாக நிற்பதில்லை; தொழிற்சாலை முழுவதற்கும் அது சாகாத கிருமியைத் தயார் செய்கிறது.